இரண்டு விண்ணர்களும் ஒரு பொம்பிளை வண்டியும்

எங்கள் பக்கத்தில் ஒரு வேலையைத் திறமாகச் செய்பவனை விண்ணன் என்போம். வலை பொத்துவதில் விண்ணன் உண்டு. கூத்துப் பாடுவதில் விண்ணன் உண்டு. ஒரு வேலையும் செய்யாமல் மூன்று நேரமும் வயிறு நிறையச் சாப்பிடுவதில்கூட விண்ணன் உண்டு. என் பெரியப்பா சேற்றில் விண்ணன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். நான் அந்தச் சேற்றின் நடுவில் கல்யாணச் சீலையோடு காத்துக் கிடந்தவள். எனக்குச் சிரிப்பு வர வெகு காலம் பிடித்தது.

அப்போது மன்னார்த் தீவுக்கு ரயில் வரவில்லை, பாலமும் இல்லை. வங்காலைப் பக்கம் இருந்த எங்கள் கரைக்கும் தீவுக்கும் நடுவே கிடந்ததைக் கடல் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். வற்று நேரத்தில் முழங்கால் தண்ணீர். மாட்டு வண்டி இறங்கிப் போய்விடும். நடுவில் ஓரிடத்தில் மட்டும் ஓடை மாதிரிக் கொஞ்சம் ஆழம், அதற்கு அடையாளமாக ஒரு பனங்கம்பு நட்டிருந்தார்கள். பெருக்கு ஏறிவிட்டால் தோணிதான். முசலிப் பக்கத்து முஸ்லிம் வியாபாரிகளின் கருவாட்டு வண்டிகள் நாள் தவறாமல் இந்த வழியால் போய் வந்தன. வண்டிக்காரர் பாதி வழி நித்திரை. வழி மாடுகளுக்குத் தெரியும்.

ஆனால் கல்யாண வண்டி அப்படிப் போகலாமா? கருவாடும் கல்யாணப் பொம்பிளையும் ஒன்றா? கல்யாண வண்டிக்கு விண்ணன் வேண்டும். எங்கள் பகுதியை ஆண்ட ஏசண்டர் துரை தீவுக்குப் போனாலும் விண்ணன் வேண்டும். துரையின் குதிரை விண்ணனைக் கேளாமல் முன்னால் போய்விடும், அது வேறு கதை.

பெரியப்பா வேலை செய்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்குவார். குனிந்து ஒரு பிடி சேறு அள்ளுவார். ஒரு மூக்குத் துவாரத்தைப் பொத்திக்கொண்டு மற்றதால் முகருவார், பிறகு மாற்றிப் பொத்துவார். பெருவிரலால் தேய்ப்பார். வானத்தைப் பார்ப்பார். வானத்துக்கும் சேற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று அவரிடம் கேட்கிற துணிவு ஒருவருக்கும் இருக்கவில்லை. கடைசியில் “ம்” என்பார். அந்த “ம்” வரும்வரை கரையில் நிற்கிற சனம் மூச்சு விடாது.

இந்தத் திறமை அவருக்கு அப்புவிடமிருந்து வந்தது. அப்பு என்றால் என் தகப்பனாரின் தகப்பன். அவரும் இதே மாதிரி முகர்ந்து, இதே மாதிரி “ம்” சொன்னவராம். அவர் செத்தபோது சேறு தெரிந்தவர் யார் என்று ஊர் கேட்கவில்லை, மூத்த மகன் யார் என்றுதான் கேட்டது. அதுவரை புகையிலை வியாபாரம் செய்துகொண்டிருந்த பெரியப்பா துக்கம் முடிந்த கையோடு விண்ணன் ஆகிவிட்டார். அவர் திறமைக்கு அத்தாட்சி என்னவென்றால், அவர் கொண்டுபோன ஒரு வண்டியும் தாழ்ந்ததில்லை. கருவாட்டு வண்டியும்தானே தாழ்ந்ததில்லை என்று நான் ஒருமுறை வாய் விட்டுவிட்டேன். வாய்க்காரி என்ற பட்டம் கிடைத்ததுதான் மிச்சம்.

அக்கரையிலும் ஒரு விண்ணன் இருந்தார். இக்கரை விண்ணன் வண்டியை நடுக்கம்புவரை கொண்டுபோய் ஒப்படைக்க, அக்கரை விண்ணன் சேற்றை முகர்ந்து பார்த்து ஏற்க வேண்டும். அதுதான் வழக்கம்.

எனக்கும் ஒரு வித்தை பழக்கினார்கள். பொம்பிளையாக இருக்கும் வித்தை. அம்மா இல்லாத என்னை வளர்த்தவர் சின்னம்மா. சம்பந்தம் பேசி முடிந்த நாளிலிருந்து அவருக்கு வேறு வேலை இல்லை. எப்படித் தலை குனிவது, குனிந்த தலையை எப்படி அப்படியே வைத்திருப்பது, இலையான் பறந்து வந்து மூக்கில் இருந்தாலும் எப்படிக் கலைக்காமல் விடுவது. சமைக்கத் தெரியுமா, தைக்கத் தெரியுமா என்று யார் கேட்டார்கள்? பொம்பிளை என்றால் அசையக் கூடாது, அவ்வளவுதான்.

நான் கொஞ்சம் அசைந்தால் போதும், சின்னம்மா அந்தக் கதையை எடுத்துவிடுவார். முந்தி ஒரு காலத்தில் ஒரு பொம்பிளை இருந்தாளாம். அவளைத் தீவுக்குக் கொண்டுபோன வண்டி நடுக்கம்படியில் நின்றுவிட்டதாம். விடியத் தொடங்கி வற்று முடியும்வரை கொளுத்துகிற வெயிலில் அந்தப் பிள்ளை குனிந்த தலை நிமிரவில்லையாம், தண்ணீர்கூடக் கேட்கவில்லையாம். அதுவல்லவோ இருப்பு! இரண்டு கரையும் மூக்கில் விரலை வைத்ததாம்.

கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. முகம் தெரியாத அந்தப் பொம்பிளை மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். ஒருநாள் கேட்டேன், அவளுக்குக் கல்யாணம் நடந்ததா என்று. சின்னம்மா யோசித்தார்.

“அது தெரியாது. அவள் இருந்த இருப்பைத்தான் சனம் கதைக்குது” என்றார்.

மாப்பிள்ளையை நான் முதலில் கண்டது மடு மாதா கோயிலில், ஆவணித் திருநாளில். எங்கள் கூடாரத்துக்குப் பக்கத்துக் கூடாரம். தண்ணீர் அள்ளப் போன இடத்தில் என் குடத்தை வாங்கி நிரப்பித் தந்தார். ஒரு சொல் பேசவில்லை. அவர் போன பிறகு குடத்தைத் தூக்க எனக்கு மனம் வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அவரும் அப்படித்தான் என்று பிறகு ஆட்கள் வந்து பேசினபோது தெரிந்தது.

மாமிக்குத்தான் பிடிக்கவில்லை. மாமனார் காலமான பிறகு அந்த வீட்டில் மாமியின் சொல்தான் சட்டம். இலுப்பைக்கடவையில் பிறந்து தீவில் வாழ்க்கைப்பட்டவர். சிரிப்பு என்பதே கிடையாது. எங்கள் குடும்பத்தின் பெயரைக் கேட்டதும் வேண்டாம் என்றாராம். சீதனம் காணாது என்றுதான் அந்த வேண்டாம் என்று எங்கள் ஆட்கள் கணக்குப் போட்டார்கள். மகன் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு இருந்ததில் கடைசியில் இறங்கி வந்தார். வந்தும் ஒரு சொல் சொல்லி அனுப்பினார்.

“முடிக்கிறதெண்டால் தவசு காலத்துக்கு முந்தி முடியுங்கோ. பாஸ்கு மட்டும் நிக்கிற பேச்சு பேச்சில்லை.”

குழப்புவதற்கு வழி தேடுகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். விபூதிப் புதனோடு நோன்பு தொடங்கிவிட்டால் பாஸ்குத் திருநாள்வரை கோயிலில் கல்யாணம் இல்லை. எங்கள் ஊர்க் கோயிலில் அந்த வருஷம் பூசை வைக்கச் சுவாமியும் இல்லை. தீவில் இருந்த சுவாமிதான் இரண்டு கரைக்கும். அவருக்கு நேரம் ஒழிந்தது விபூதிப் புதனுக்கு முதல்நாள். அந்த ஒரு நாள் தவறினால் மாமியின் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். பேச்சு முறிந்துவிடும். தோணியில் போய்விடலாமே என்று கேட்டுப் பார்த்தேன். சோடித்துத் தோணியில் ஏற்றுவது பிரேதத்தைத்தான், பொம்பிளை வண்டியில்தான் போக வேண்டும் என்று பெரியப்பா அடித்துச் சொல்லிவிட்டார்.

அன்று விடிய வற்று நன்றாக இருந்தது. என்னை வண்டியில் ஏற்றினார்கள். தலையில் வெள்ளை வலைத்துணி, அதன் மேல் காகிதப் பூமுடி. பக்கத்தில் சின்னம்மா. ஊர்ச் சனம் முந்தின நாளே தோணியில் போய்ச் சேர்ந்துவிட்டது. கூட வந்தவர்கள் வண்டிக்காரரும் முன்னால் நடந்த பெரியப்பாவும்தான். வண்டிக்காரர் பெரியப்பாவின் மருமகன். மாமனார் சொல்லாமல் தும்மக்கூட மாட்டார்.

நடுக்கம்புவரை ஒரு குறையும் இல்லை. மாடுகள் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பின, திரும்பின பிறகு பெரியப்பா “திருப்பு” என்று கத்தினார். கம்படியில் அக்கரை விண்ணன் காத்துக்கொண்டு நின்றார். அவர் மாப்பிள்ளையின் சித்தப்பா. பெரியப்பா குனிந்து சேறு அள்ளி முகர்ந்து, நல்ல சேறு, போகலாம் என்றார்.

அந்த மனிதர் “ஓம், சரி” என்று சொல்லியிருந்தால் கதை முடிந்தது. எப்படிச் சொல்வார்? ஒரு விண்ணன் சொன்னதற்கு மற்ற விண்ணன் உடனே தலையாட்டினால் அவர் எதற்கு விண்ணன்? அவரும் குனிந்து அள்ளினார். அவர் முகர்ந்த நேரம் பெரியப்பா முகர்ந்ததைவிட நீளம். கறுப்புச் சேறு, கீழே இளகியிருக்கிறது, வண்டி தாழும், பொறுக்க வேணும் என்றார். பெரியப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. கறுப்பா? இதுவா கறுப்பு? இன்னொரு பிடி அள்ளினார். அவரும் இன்னொரு பிடி அள்ளினார். ஒருவர் கையிலிருந்ததை மற்றவர் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு பேச்சு கம்புக்குத் தாவியது. மாரிக் காற்றில் கம்பு சாய்ந்ததாம், சாய்ந்ததை நட்டவர்கள் தள்ளி நட்டுவிட்டார்களாம், ஆகவே இது நடுவே இல்லையாம், ஆகவே இந்தச் சேறு உம்முடைய சேறே இல்லையாம். தகப்பன்மாரை இழுத்தார்கள். தகப்பன்மாரின் மூக்கை இழுத்தார்கள்.

வெயில் ஏறியது. கோயிலில் முதல் மணி அடித்தது தண்ணீருக்கு மேலால் தெளிவாகக் கேட்டது. பூசை வைக்கிற சுவாமி பச்சைத் தண்ணீரும் வாயில் படாமல் இருப்பார். மத்தியானம் கழிந்தால் பூசை இல்லை, பூசை இல்லாவிட்டால் கல்யாணம் இல்லை. நான் குனிந்த தலை குனிந்தபடி இருந்தேன். வண்டிச் சில்லில் தண்ணீர் ஒவ்வொரு ஆரக்காலாக ஏறுவது குனிந்திருந்த எனக்குத்தான் நன்றாகத் தெரிந்தது.

அப்போது பின்னால் சலங்கைச் சத்தம் கேட்டது. ஒரு கருவாட்டு வண்டி. அதை ஓட்டி வந்த முஸ்லிம் பெரியவர் எங்களைக் கண்டு நித்திரை கலைந்து, வழியில் ஏதும் பிழையோ என்று மரியாதையாக விசாரித்தார். நல்ல சேறு என்ற பெரியப்பாவும் வெளியாள் முன்னால் மாறிவிட, சேறு சரியில்லை என்று இரண்டு விண்ணர்களும் ஒரே குரலில் சொன்னார்கள். அன்று அவர்கள் முதலில் ஒத்துப்போனது அந்தச் சொல்லில்தான். பெரியவர் சேற்றைப் பார்த்தார், தன் மாடுகளைப் பார்த்தார். மாடுகள் நிற்கவில்லை. கம்பைத் தாண்டி, கறுப்போ வெள்ளையோ அந்தச் சேற்றின் மேலேயே, மூட்டை மூட்டையாகக் கருவாட்டோடு வண்டி ஓடையில் இறங்கி ஏறிவிட்டது. எங்கள் மாடுகளும் பின்னால் போக ஓரடி வைத்தன. பெரியப்பா பாய்ந்து மாடுகளின் மூக்கில் கிடந்த நாணயக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

“கருவாட்டு வண்டிக்குக் கணக்கு வேறை. இது பொம்பிளை வண்டி, பாரம் கூட” என்றார். சித்தப்பாவும் அதற்குத் தலையாட்டினார்.

இரண்டாம் மணி அடித்தது.

“பெரியப்பா, நான் கருவாட்டிலும் பாரமோ?” என்றேன்.

சின்னம்மா என் தொடையில் கிள்ளினார். தலை நிமிர்ந்துவிட்டதை அப்போதுதான் உணர்ந்தேன். நிமிர்ந்த தலையைத் திரும்பக் குனிய எனக்கு மனம் வரவில்லை. அக்கரை தெரிந்தது, கோயில் முகடு தெரிந்தது. கரையில் குடைகள் தெரிந்தன. மனிசர் நிற்கிறார்கள், எனக்காக நிற்கிறார்கள், நான் ஏன் இங்கே இரண்டு கிழடுகளின் மூக்குக்கு நடுவில் குந்தியிருக்கிறேன் என்று வந்தது ஒரு ஆத்திரம்! சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குதித்துவிட்டேன்.

ஓடையில் இடுப்பு மட்டும் தண்ணீர். சேறு முழங்கால் மட்டும் பிடித்தது, விட்டது. கருவாட்டு வண்டியை எட்டிப் பிடித்து அதன் பின்பலகையைப் பற்றிக்கொண்டேன். பெரியவர் திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டு, “ஏறு மகள்” என்றார். மூட்டை மேல் ஏறினால் சீலை நாறும் என்று நான் நடந்தே போனேன். பின்னால் தண்ணீர் சளசளத்தது. சின்னம்மாதான். ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்தவர், வந்த கையோடு கருவாட்டு மூட்டையில் ஏறி அமர்ந்துவிட்டார். அதன் மேல் இருந்துகொண்டு, தலையைக் குனியடி என்று என்னைப் பார்த்துச் சொன்னாரே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

கரையில் மாமி குடை பிடித்துக்கொண்டு நின்றார். என் கோலத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பூமுடி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இடுப்புக்குக் கீழே முழுக்கச் சேறு. கருவாட்டு மணம் வேறு.

வண்டி எங்கே என்று கேட்டார். நடுக்கம்படியில் என்றேன். பெரியவர்கள் எங்கே என்றார்.

“சேறு மோந்துகொண்டு நிக்கினம்” என்றேன்.

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முடிந்தது கதை என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக் கோயில் கிணற்றடிக்கு இழுத்துப் போனார், வாளி வாளியாக அள்ளி என் காலில் ஊற்றினார். மூன்றாம் மணி அடித்தபோது ஈரச் சீலையோடு கோயிலுக்குள் போனேன். பசியில் கண் இருண்டுபோயிருந்த வெள்ளைக்காரச் சுவாமி என் காலையும் பார்க்கவில்லை, முடியையும் பார்க்கவில்லை, தொடங்கிவிட்டார். மாப்பிள்ளைதான் பார்த்தார். மடுவில் பார்த்த அதே பார்வை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

தாலி ஏறியது. ஆனால் மாமி என்னை ஏற்றாரா என்பது எனக்குத் தெரியவில்லை. அவரோடுதான் இனி ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும்.

விருந்து பாதியில் விண்ணர்கள் வந்து சேர்ந்தார்கள். நடந்தது இதுதான். நான் இறங்கிப் போன பிறகும் அவர்கள் விடவில்லை. வெறும் வண்டியை ஒப்படைப்பதா ஏற்பதா என்று வாதாடியிருக்கிறார்கள். மாடுகளுக்கு அலுத்துவிட்டது. கயிற்றை இழுத்துப் பறித்துக்கொண்டு, வண்டியையும் மருமகனையும் பத்திரமாகக் கரைசேர்த்துவிட்டன. பெருக்கு ஏறி, இரண்டு விண்ணர்களும் நெஞ்சளவு தண்ணீரில் அந்தக் கம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்க, ஒரு தோணி போய் ஏற்றி வந்தது. பிரேதத்துக்குத்தான் தோணி என்ற வாய் அன்று ஒன்றும் சொல்லவில்லையாம்.

அதற்காக மரியாதை குறைந்துவிடுமா? வீட்டில் இருந்த நல்ல கதிரைகள் இரண்டும் அவர்களுக்குத்தான். உலர்ந்த வேட்டி கட்டி, அதில் ஏறி உட்கார்ந்து, சாப்பாட்டுக் கோப்பை நிறையச் சோறு வாங்கிக்கொண்டு, சேறு இளகின இடத்தில் தாங்கள் நின்று பார்த்தபடியால்தான் பிள்ளை பத்திரமாகக் கரைசேர்ந்தது என்று இருவரும் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொட்டுச் சொன்னார்கள். சனம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், கரையில் நின்று என்னைக் கண்ணால் கண்ட சனம்தான் அது.

பெண்கள் பக்கத்தில் சின்னம்மா பொறுக்க மாட்டாமல் தொடங்கிவிட்டார். எவ்வளவு பழக்கியும் இவளுக்கு இருப்பு வரவில்லையே என்றார். முந்தி ஒரு காலத்தில் ஒரு பொம்பிளை இருந்தாள் என்று அந்தக் கதையை எடுத்தார். வெயில் கொளுத்தினதைச் சொன்னார், தண்ணீர் கேளாததைச் சொன்னார். குனிந்த தலை நிமிரவே இல்லை என்ற இடத்துக்கு வந்தபோது, ஆட்டிறைச்சிச் சட்டியோடு நின்ற மாமி அகப்பையைச் சட்டிக்குள் வைத்தார்.

“அந்தப் பொம்பிளை நான்தான்” என்றார்.

சின்னம்மாவின் வாய் திறந்தபடியே நின்றது.

“உங்கடை ஊர் விண்ணன் சேறு சரியில்லையெண்டு வற்று முடியுமட்டும் வைச்சிருந்திட்டு, வண்டியைத் திருப்பிப்போட்டார். அடுத்த நாள் விபூதிப் புதன். பாஸ்கு முடிஞ்ச கையோடை அந்த மாப்பிளை வேறை இடத்திலை முடிச்சிட்டார். பிறகு இந்த வீட்டுக்குத் தோணியிலைதான் வந்தனான். கேடு ஒண்டும் நடக்கேல்லை.”

அந்த விண்ணன் என் அப்புதான் என்று அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை. கதிரையில் இருந்த பெரியப்பாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். பெரியப்பா சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. மாமிக்கு எங்கள் குடும்பம் ஏன் பிடிக்கவில்லை என்பது சீதனத்தைக் கணக்குப் பார்த்த எல்லோருக்கும் அப்போதுதான் விளங்கியது.

“நான் தலை நிமிர்த்தேல்லையெண்டு எல்லாரும் மெச்சினவை” என்றார் மாமி. “நிமிர்த்தியிருந்தால், அந்த மாப்பிளை கரையிலை நிண்டு வா எண்டு கையைக் காட்டினதைக் கண்டிருப்பன். பிறகு ஆக்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.”

அவர் அகப்பையை எடுத்துச் சட்டியின் அடியில் துழாவி, நல்ல சதைத் துண்டாகப் பார்த்து என் கோப்பையில் போட்டார்.

“சாப்பிடு பிள்ளை. நடந்து வந்தனீ, பசிக்கும்.”